சிவப்பு ஒயரா, நீல ஒயரா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் கிடையாது. ராணுவத்தின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். ஒயரை வெட்டிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் காத்திருப்புதான்.

ஒரு நாள் சாலைக்கு அடியில் ஓடும் குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் கேன், அதிலிருந்து நீட்டிக்கொண்டு இரண்டு ஒயர். ரோபோவை அனுப்பினோம். அதன் கையில் பொருத்திய குழலில் இருப்பது தண்ணீர். பின்னாலிருந்து சின்ன வெடிமருந்து தள்ள, அது பாய்கிற வேகத்தில் மின்சுற்று விழித்துக்கொள்வதற்குள் பேட்டரி ஒரு பக்கம், டெட்டனேட்டர் ஒரு பக்கம் சிதறிவிடும். சுட்டோம். கேன் உடைந்தது. சரி, போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தால், "உட்காருடா" என்றார் எங்கள் குழுத் தலைவர். வெயிலில் அரை மணி நேரம் உட்கார வைத்தார்.

அப்புறம் நடந்தேன். பாதுகாப்பு உடை மட்டும் சுமார் 35 கிலோ. ஹெல்மெட்டுக்குள் சின்ன விசிறி ஓடும், இல்லாவிட்டால் நம் மூச்சே கண்ணாடியை மூடிவிடும். கைக்கு மட்டும் உறை இல்லை, விரலுக்குத் தொட்டுணர்வு வேண்டுமே. பக்கத்தில் வெடித்தால் அந்த உடை பெரிதாக எதையும் காப்பாற்றாது. அது எங்களுக்கும் தெரியும், வீட்டில் சொல்வதில்லை. கேனுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டேன். ஓரிடத்தில் மட்டும் மண் ஈரமாக, கொஞ்சம் கறுத்திருந்தது. கேன் எங்களை வரவழைக்க. மண்ணுக்குள் இருந்தது எங்களுக்காக. வந்த காலடித் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பினேன்.

*

அண்ணா, நான் பொக்லைன் ஓட்டுகிறவன். அஸ்திவாரம் தோண்டும்போது பக்கெட்டில் 'ணங்' என்று இடித்தது. பார்த்தால் துருப்பிடித்த பீரங்கிக் குண்டு. "பழசுப்பா, செத்துப்போனது. லாரியில் ஏற்றி ஓரமாகப் போடு" என்றார் சூப்பர்வைசர். எனக்கு மனசு ஒப்பவில்லை, இறங்கிவிட்டேன். ராணுவத்திலிருந்து வந்தவர்கள் அதைத் தொடவே இல்லை. துருப்பிடித்தது இரும்புதான், உள்ளே இருக்கும் டிஎன்டி வெடிமருந்து அப்படியே இருக்கும், குண்டை வெடிக்கத் தூண்டும் பியூஸ் எந்த நிலையில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். சுற்றி மணல் மூட்டை அடுக்கி, பக்கத்தில் வேறு வெடிமருந்து வைத்து அங்கேயே வெடித்தார்கள். ஒன்று மட்டும் புரியவில்லை. வந்ததும் வேலையைத் தொடங்காமல் ஏன் அவ்வளவு நேரம் தள்ளியே நின்றார்கள்?

*

தம்பி, பக்கெட் இடித்ததே, அதனால்தான். அசைந்த குண்டு எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் பிரிட்டனில் போட்ட குண்டுகளில் 17ஆம் எண் பியூஸ் ஒரு கடிகாரம். விழுந்து பல மணி நேரம் கழித்து வெடிக்கும். கூடவே 50ஆம் எண் பியூஸும் இருந்தால், அசைத்தாலே போச்சு. குழிக்குள் இறங்கி ஸ்டெதாஸ்கோப் வைத்து டிக் டிக் கேட்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள்.

நேச நாடுகள் ஜெர்மனியில் போட்டதில் ஒரு வகை இன்னும் மோசம். அசிட்டோன் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு செல்லுலாய்ட் தட்டைக் கரைக்கும், கரைந்ததும் வெடிக்கும். கரையாமல் பாதியில் நின்றவை இன்றும் மண்ணுக்குள் கிடக்கின்றன. 2010 ஜூனில் கோட்டிங்கன் நகரில் ஒரு குண்டைச் செயலிழக்கவைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே அது வெடித்து, நிபுணர்கள் மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு அப்போது அறுபது வயதுக்கு மேல்.

ரோபோ வந்ததே இந்த நடையைக் குறைக்கத்தான். 1972இல் வட அயர்லாந்துக்காக பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பீட்டர் மில்லர் முதலில் எடுத்தது தோட்டத்தில் ஓடும் மோட்டார் தள்ளுவண்டியின் அடிப்பாகத்தை. அதனால்தான் அந்த ரோபோவுக்கு 'வீல்பேரோ' என்றே பெயர்.

அது சரி, அந்த சூப்பர்வைசர் என்ன ஆனார்?

*

ராணுவ வண்டியைப் பார்த்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓடியது அவர்தான் அண்ணா.