புதுப்பிப்பு: மீன் லோடு ஓடிய பழைய பிக்கப் வாங்கலாமா? பார்த்த முடிவு

குளச்சல் பக்கம் மீன் லோடு ஓடிய டீசல் பிக்கப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. வாங்கவில்லை.

கை கொடுத்தது, சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான். புதுசாக அடித்த கறுப்பு பெயிண்டை நம்பாமல், பின் லீஃப் ஸ்பிரிங்கை (பட்டை வில்) வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டும் இடத்தில் சேசிஸைத் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்க வேண்டும். இங்கே ‘பொத்’ என்றது, துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் தள இடுக்கு வழியாக இறங்கி அங்கேதான் தேங்கும். வெல்டு வைத்தாலும் பக்கத்து மெலிந்த தகடு விட்டுவிடும்.

எஞ்சின் என்னவோ சுத்தம்தான். சூடான ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தபோது புகை தள்ளவில்லை.

எதிர்பாராதது: ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் (வண்டி மேல் கடன் இருப்பதான பதிவு) நீக்கப்படவில்லை. கடன் முடிந்திருந்தாலும் அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35, வங்கி என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) இல்லாமல், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களை மட்டும் வைத்துப் பெயர் மாற்ற முடியாது.