கிராம மருத்துவ முகாம்: குழந்தையின் கைச்சுற்றளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது, என்ன செய்வது?

கேள்வி:
மாதம் ஒருமுறை தன்னார்வ முகாம் நடத்துகிறோம். 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நாடா வைத்துக் கைச்சுற்றளவு பார்க்கிறோம். ஒரே குழந்தைக்கு ஒருவர் 113 மி.மீ. என்று எழுதுகிறார், இன்னொருவர் 119. 115-க்குக் கீழே என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு, மேல்சிகிச்சைக்கு அனுப்பியாக வேண்டும். எங்கே தவறுகிறது? காத்திருக்கும் தாய்மார்களிடம் உணவு பற்றிப் பேச 20 நிமிடம் கிடைக்கும். என்ன சொல்லலாம்?

பதில் 1:
நடுப்புள்ளியைக் கண்மதிப்பில் வைக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இடது கை. முழங்கையை மடக்கி, தோள்பட்டை எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். அப்புறம் கையை நீட்டித் தளரத் தொங்கவிட வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். மடக்கிய கையிலேயே சுற்றினால் தசை புடைத்து அளவு கூடிவிடும். நாடா தோலில் பள்ளம் விழ இறுகினால் குறைவாகவும், இடைவெளி தெரிந்தால் அதிகமாகவும் காட்டும். சட்டைக் கையைச் சுருட்டிவிடாமல் கழற்றிவிடுங்கள். அழும் குழந்தை கையை விறைத்துக்கொள்ளும்; தாய் மடியிலேயே வைத்து அளப்பது நல்லது.

பயிற்சிக்குப் பத்துக் குழந்தைகளை இருவரும் தனித்தனியாக இரண்டு முறை அளக்கட்டும், அடுத்தவர் எழுதியதைப் பார்க்காமல். யார் கை இறுக்கம் என்பது உடனே தெரிந்துவிடும்.

பதில் 2:
நாடாவோடு நிறுத்தாதீர்கள். இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால், நாடா பச்சையை (அளவு சரி என்பதற்கான நிறம்) காட்டினாலும் அது கடும் குறைபாடுதான். நீர் கோத்த குழந்தை கொழுகொழுவென்று தெரியும், எடையும் ஏமாற்றும். சாப்பிட மறுப்பது, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, மந்தமாகக் கிடப்பது, இதில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பதில் 3:
20 நிமிடத்துக்கு ஒரே விஷயம் போதும்: கூழின் கெட்டித்தன்மை. இரண்டு கிண்ணம் வையுங்கள், ஒன்றில் நீர்த்த கூழ், மற்றதில் கெட்டியானது. கரண்டியில் எடுத்துச் சாய்த்துக் காட்டுங்கள். வழிந்து ஓடாமல் நிற்பதுதான் குழந்தைக்கு. 8 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 240 மி.லி.தான் கொள்ளும், அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் ஏது? மசித்த பருப்பு அல்லது முட்டை, கீரை, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்க்கச் சொல்லுங்கள். தாய்ப்பாலோடு 6–8 மாதத்தில் நாளுக்கு 2–3 வேளை, 9 மாதத்திலிருந்து 3–4 வேளை.

ஒரு தாயையே கலக்கச் சொல்லுங்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். செய்யச் சொன்னால்தான் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் தருகிறோம். அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 2:
பொட்டலத்தைப் பாதி பாதியாக டம்ளரில் கொட்டிக் கலக்குகிறார்கள். உப்பு கூடிப் போகும். 1 லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும் 1 லிட்டர் சுத்தமான நீரில் ஒரே தடவையில் கலக்க வேண்டும். மீந்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். அளவு தெரிந்த பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். துத்தநாகம் 6 மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி., 10 முதல் 14 நாள். போக்கு மூன்றாம் நாளே நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே அட்டையில் கடைசி மாத்திரைக்கான தேதியை எழுதியே கொடுங்கள்.