கலைச்சொல் வேண்டும்: பல்கலைக்கழக உளநல மையத்தில் போஸ்ட்டாக்டரல் பயிற்சி

தும்பை:
அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங் மையத்துக்காகப் பெற்றோர் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழனுக்குள் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, ஒரு வரியில் மட்டும் நிற்கிறேன். மாணவர் அங்கே போனால் அவரைப் பார்ப்பவர் மூவரில் ஒருவராக இருக்கலாம்: உரிமம் பெற்ற உளவியலாளர், போஸ்ட்டாக்டரல் ரெசிடென்ட் (முனைவர் பட்டம் முடித்துப் பயிற்சியில் இருப்பவர்), இன்டர்ன் (பட்டம் முடிக்குமுன் பயிற்சியில் இருப்பவர்). நடுவில் இருப்பவருக்குத் தமிழில் என்ன பெயர்?

நான் போட்டது 'முனைவர் பட்ட மேற்பயிற்சியாளர்'. படித்துப் பார்த்த தோழி, இவர் பயிற்சி தருபவரா பெறுபவரா என்று கேட்டாள். கிரிக்கெட் செய்தியில் பயிற்சியாளர் என்றால் கோச்தானே. விருதுநகரிலோ வவுனியாவிலோ இதைப் படிக்கப்போகும் அம்மா அப்பாவுக்குப் புரிய வேண்டும். உதவுங்கள்.

பொருநை:
தும்பை அம்மா, 'பின்முனைவர்' என்று யாராவது தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்நவீனத்துவத்தைப் பார்த்து வார்த்த சொல் அது. பிந்தி வந்த முனைவர் என்றுதான் காதில் விழும். 'முதுமுனைவர்' கேட்க அழகு, ஆனால் அதை டி.லிட். பட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

முனைவர் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்' என்கிறது தொல்காப்பிய மரபியல். முன் என்னும் அடியில் பிறந்தது. முன்னோன், முதல்வன் என்று பொருள். முன்னே நிற்பவருக்கு ஒரு 'பின்' ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சிக்கு 'மேற்பயில்வு', ஆளுக்கு 'மேற்பயில்நர்' என்று வைக்கலாம். பயில்நர் என்றால் பயில்பவர்தான். தோழியின் குழப்பமும் தீரும்.

பனைநிழல்:
பயில்நர் நல்ல சொல், ஐயா. ஆனால் எங்கள் பக்கம் முனைவர் என்பதில்லை, கலாநிதி என்றுதான் வழக்கு. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் 'பட்டப்பின் படிப்பு' நன்றாக ஊறிய சொல். அந்த வழியில் 'கலாநிதிப்பின் பயிற்சி' எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். தமிழ்நாட்டுக்கு 'முனைவர்ப்பின் பயிற்சி' என்று போடலாமே?

பொருநை:
ஒற்று மிகாது. நன்னூல் 159ஆம் நூற்பா: 'ஆவி யரமுன் வன்மை மிகா'. பட்டம் என்பதில் மகரம் கெட்டு வல்லினம் மிகுந்தது. முனைவர் உயர்திணைப் பெயர், ரகர ஈறு. முனைவர் பட்டம் என்றுதானே எழுதுகிறோம்?

பனைநிழல்:
அதே நூற்பா 'சில விகாரமாம் உயர்திணை' என்றும் முடிகிறது, ஐயா. ஆசீவகர் பள்ளி ஆசீவகப் பள்ளி ஆனதே.

பொருநை:
அந்த வழியே போனால் 'முனைவப்பின்' என்று வரும். அதை நீங்களே ஏற்க மாட்டீர்கள்.

காவிரிக்கரை:
பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகள் ஒரு மாதமாக வகுப்புக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்ட அப்பா, ராத்திரி பதினோரு மணிக்கு இந்தக் கையேட்டைத் திறக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு மேற்பயில்நர் என்ன சொல்லும்? 'போஸ்ட்டாக்டர்' என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. நம் வீடுகளில் போலீஸும் டாக்டரும் விளக்கமில்லாமலே புரிகின்றன.

கொன்றை:
அந்த டாக்டர் என்ற சொல்தான் இங்கே ஆபத்து. நான் இதே வேலையில் இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து பேசும் பெற்றோர் டாக்டர் என்று கேட்டதும் மாத்திரையை நினைத்துக்கொள்கிறார்கள். கலிபோர்னியாவில் உளவியலாளர் மருந்து எழுத முடியாது. அது மனநல மருத்துவரின் வேலை. இந்த முனைவர் பட்டம் உளவியலில் பெற்றது. படிக்கும்போதே பகுதிநேரமாக ஆட்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். பிறகு ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப், ஏறக்குறைய 2,000 மணி நேரம். அந்த இடத்தையும் நாமாக முடிவுசெய்ய முடியாது. நம் விருப்பப் பட்டியலையும் மையங்களின் பட்டியலையும் கணினி பொருத்தி, எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லும். பட்டம் கைக்கு வருவது அதற்கப்புறம்தான்.

பட்டம் வந்தாலும் உரிமம் வந்துவிடாது. கலிபோர்னியாவில் 3,000 மணி நேர மேற்பார்வைப் பணி வேண்டும். அதில் குறைந்தது 1,500 பட்டத்துக்குப் பின் செய்திருக்க வேண்டும். கூடவே தேசிய அளவிலான தேர்வு: 225 கேள்விகள், அவற்றில் 175க்குத்தான் மதிப்பெண். மாநிலச் சட்டமும் தொழில் அறமும் பற்றித் தனியாக இன்னொரு தேர்வு. இந்த இடைக்காலத்தில் இருப்பவர்தான் தும்பை கேட்கும் ஆள். சம்பளம் வாங்குகிற, முழுநேரமாக வேலை செய்கிற ஆள்.

நாள் முழுக்க என்ன செய்கிறோம் என்றால்: புதிதாக வரும் மாணவரின் முதல் சந்திப்பு, குறுகிய கால சிகிச்சை, குழு சிகிச்சை, முன்பதிவில்லாமல் நெருக்கடியில் ஓடி வருபவரை அன்றைக்கே பார்ப்பது, விடுதிகளில் பயிலரங்கு, 'என் வகுப்பில் ஒரு பையன் எழுதியிருப்பதைப் படித்தால் பயமாக இருக்கிறது' என்று அழைக்கும் பேராசிரியரோடு பேசுவது. இன்டர்ன்களுக்கு நாங்கள் மேற்பார்வை செய்வதும் உண்டு. அந்த மேற்பார்வையை எங்கள் மூத்தவர் மேற்பார்வை செய்வார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி என்றால் வாரம் குறைந்தது இரண்டு மணி நேரம் தனிப்பட்ட மேற்பார்வை கட்டாயம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். பெற்றோருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இவர் முனைவர் பட்டம் முடித்தவர். இன்னும் உரிமம் பெறாதவர். உரிமம் பெற்ற ஒருவர் இவர் வேலைக்குப் பொறுப்பேற்கிறார். சங்கத்தின் அறநெறிக் கோவையில் 10.01 விதி இதை வெளிப்படையாகவே கேட்கிறது: சிகிச்சை தருபவர் பயிற்சியில் இருக்கிறார், மேற்பார்வையில் இருக்கிறார் என்பதையும் மேற்பார்வையாளரின் பெயரையும் சிகிச்சைக்கு வருபவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆகவே பயிற்சி என்பதை மறைக்கும் எந்தச் சொல்லும், எவ்வளவு அழகாக இருந்தாலும், எனக்கு வேண்டாம். கல்லூரிப் பிள்ளை ஒன்று என் மகளை வைத்துப் பழகிப் பார்க்கிறது என்று நினைக்கவைக்கும் சொல்லும் வேண்டாம்.

இன்னொன்று. பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டு எல்லா மாநிலத்திலும் கட்டாயமில்லை. தேவையான அனுபவத்தைப் பட்டத்துக்கு முன்பே முடிக்கலாம் என்று சங்கம் 2006இல் கொள்கை மாற்றியது. வாஷிங்டன் மாநிலத்தில் அப்படிச் செய்ய முடியும். இந்தப் 'பின்'னுக்காக இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று எனக்குத் தோன்றுவதற்கு அதுவும் காரணம்.

காவிரிக்கரை:
கொன்றை அக்கா, ரெசிடென்ட் என்பதை உறைவிடப் பயிலுநர் என்று சொன்னால்?

கொன்றை:
யாரும் அங்கே தங்குவதில்லை, தம்பி. மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே குடியிருந்து பயின்ற காலத்துப் பெயர் அது. உளவியலுக்கு இரவலாக வந்தது. மாணவர் விடுதி இருக்கும் வளாகத்தில் உறைவிடம் என்று எழுதினால் விடுதிக் காப்பாளர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பொருநை:
கொன்றை அம்மா எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வருகிறது. கவுன்சலிங்குக்கு 'ஆற்றுப்படுத்தல்' என்று ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ' என்பது புறத்திணையியல். பரிசு பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்கிறான். மூத்தவர் இவருக்கு, இவர் இன்டர்னுக்கு, இன்டர்ன் மாணவருக்கு என்று அந்த மையத்தில் நடப்பதும் இதுவே. ஆகவே 'ஆற்றுப்படுத்து மேற்பயில்நர்'. ஆலோசனை என்ற வடசொல்லையும் தவிர்க்கலாம்.

பனைநிழல்:
இதில் நான் மறுக்கிறேன், ஐயா. ஆற்றுப்படையில் ஆறு என்றால் வழி. போய்ச் சேருமிடம் ஒரு வள்ளலின் வாசல். மனம் நொந்து வருகிறவரை எந்த வாசலுக்கு அனுப்புவது? பலர் இந்தச் சொல்லில் கேட்பது வேறொரு வினை: ஆற்றுதல், தணித்தல். அதற்குக் கலித்தொகை 133 இருக்கிறது. 'ஆற்றுதல் என்பதொன்று அலந்தவர்க்கு உதவுதல்.' அலந்தவர் என்ற சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். எங்களிடம் கவுன்சலிங்குக்கு உளவளத்துணை, சீர்மியம் இரண்டும் உண்டு. போருக்குப் பின் உளவளத்துணையாளர் என்ற சொல் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்குள் இருக்கும் துணை என்ற சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை.

கொன்றை:
துணைக்கு என் வாக்கு. ஆலோசனை வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. அது வடசொல் என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை; நாங்கள் ஆலோசனை சொல்வதில்லை என்பதுதான். 'இந்தப் படிப்பை விட்டுவிடலாமா?' என்று மாணவர் கேட்டால் விடு, விடாதே என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

பொருநை ஐயாவின் சொல்லும் வீணாகவில்லை. இந்த மையங்கள் குறுகிய கால சிகிச்சைதான் தரும். நீண்ட நாள் சிகிச்சை தேவைப்படுபவரை வெளியே உள்ள சிகிச்சையாளரிடம், காப்பீடு, தூரம் எல்லாம் பார்த்து, வழிசொல்லி அனுப்புவதும் எங்கள் வேலை. அந்த ரெஃபரல் என்பதற்கு ஆற்றுப்படுத்தல் அப்படியே பொருந்தும்.

பொருநை:
ரெஃபரலுக்கு ஏற்கிறேன். மகிழ்ச்சி. ஆனால் ஆளின் பெயரை நான் இன்னும் விடவில்லை.

காவிரிக்கரை:
'முனைவர் பட்டம் பெற்ற பயிலுநர் உளவியலாளர்.' நீளம்தான். ஆனால் விளக்கம் இல்லாமலே புரிகிறது. போஸ்ட்டாக்டரை நான் கைவிடுகிறேன்.

பனைநிழல்:
பயிலுநரை ஏற்கிறேன். முனைவருக்கு அடைப்புக்குறியில் கலாநிதி போட வேண்டும்.

தும்பை:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு அனுப்பியாக வேண்டும், அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்: மையத்துக்கு 'உளவளத்துணை மையம்'. நடுவில் இருப்பவருக்கு 'முனைவர் (கலாநிதி) பட்டம் பெற்ற பயிலுநர் உளவியலாளர்'. அடுத்த வரியில், 'இவர் உரிமம் பெறுவதற்கு முந்தைய பயிற்சியில் இருக்கிறார். உரிமம் பெற்ற உளவியலாளர் ஒருவர் இவருடைய பணியை மேற்பார்வையிடுகிறார், அந்த மேற்பார்வையாளரின் பெயரைப் பயிலுநரே உங்கள் மகனிடம் அல்லது மகளிடம் தெரிவிப்பார்.' இன்டர்னுக்கு 'முனைவர் பட்ட இறுதியாண்டுப் பயிலுநர்'. ரெஃபரலுக்கு ஆற்றுப்படுத்தல் போட்டிருக்கிறேன், பக்கத்தில் 'வெளிச் சிகிச்சையாளரிடம் அனுப்புதல்' என்றும்.

பொருநை:
தும்பை அம்மா, கையேட்டுக்கு இது போதும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஒரு விளக்கம், கலைச்சொல் அல்ல. நாளை இதே துறையில் ஒருவர் தமிழில் கட்டுரை எழுத வந்தால், இவ்வளவு நீளத்தை ஒவ்வொரு வரியிலும் எப்படித் தூக்கிச் செல்வார்? பன்மை எப்படி, பெயரடை எப்படி? மேற்பயில்நர், மேற்பயில்வு, மேற்பயில்வாண்டு என்று என் சொல் கிளைக்கும். கலைச்சொல் பட்டியலில் என் மாற்றுக் கருத்தாக அதைக் குறித்துவையுங்கள்.

கொன்றை:
குறித்துவைக்கலாம், ஐயா. ஒரு கேள்வி மட்டும். மேற்பார்வைக்கு மேற்பார்வை செய்வதை என்னவென்று சொல்வது? அடுத்த மாதம் நான் இன்டர்ன்களுக்கு எடுக்கும் வகுப்பில் தமிழ் பேசும் ஒருவரும் இருக்கிறார்.

பனைநிழல்:
'நெறியாள்கை' என்று தொடங்கலாமா?

பொருநை:
நெறியாளர் ஆய்வு வழிகாட்டியைக் குறிக்கும் சொல். அதைத் தொடக் கூடாது. தனி இழையாகத் தொடங்குங்கள்.