மாதா உன்னைக் காப்பாற்றினாள் என்றார்கள். அப்போ சித்தப்பாவை?

கரையோரன்:
2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், வேளாங்கண்ணி. விளக்கத் தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பா மொட்டை போட்டுக்கொண்டார். "சந்தனத்தை நீ வச்சிரு, கடல்ல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்து பூசிக்கிறேன்" என்று பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். நானும் கூடப் போயிருப்பேன். செருப்பு ஒன்றைக் காணவில்லை, கோவில் பக்கம் தேடிக்கொண்டு நின்றுவிட்டேன். மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். கோவிலுக்குள் தண்ணீர் வரவில்லை. கரையில் நின்றவர்களை வாரிக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தலையில் கைவைத்து, "மாதா உன்னைக் காப்பாத்திட்டாப்பா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். என் உள்ளங்கையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தக் கையாலேயே அவர் கையைத் தட்டிவிட்டேன். பதினோரு வயசு. அவர் சொன்னது உறுத்துகிறதா, நான் தட்டிவிட்டதா என்று இன்னும் பிடிபடவில்லை.

ஜெபமாலை:
தம்பி, அந்தப் பெரியவர் சொன்னதில் தப்பில்லை. 2020 ஊரடங்கில் என் கணவருக்கு வேலை போய் எட்டு மாதம் கஷ்டப்பட்டோம், மீண்டோம். என் கதை அவ்வளவுதான். ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். ஏன் என்று கேட்கக் கூடாது. யோசேப்பைக் குழியில் தள்ளியபோது, பஞ்ச காலத்தில் அதே அண்ணன்மார் தானியம் கேட்டுத் தன் முன்னால் வந்து நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியுமா? வாசலில் போட்ட கோலத்தின் மேல் ஊர்கிற எறும்புக்கு முழுக் கோலம் தெரியாது. ஆண்டவர் மேலிருந்து பார்க்கிறார். ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்லுங்கள், சனிக்கிழமை ஒருசந்தி விரதம் இருங்கள். ராத்திரியில் செய்தி பார்ப்பதை விடுங்கள், தூக்கம் வரும். சித்தப்பா பெயரில் யாருக்காவது அன்னதானமும் செய்யலாம்.

தென்னந்தோப்பு:
அக்கா, தூக்கம் வரவில்லை என்று அவர் எங்கே சொன்னார்? எறும்புக்குக் கோலம் எதற்கு, அரிசி மாவுதானே அதற்கு வேண்டியது!

நாங்கள் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்து பார்த்தால் தோப்பே படுத்துக் கிடந்தது. அப்பா மரங்களை எண்ணிக்கொண்டே போனார், நாற்பதோடு நிறுத்திவிட்டார். நேராக வரப்போரப் பிள்ளையாரிடம் போய் வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்படி ஒரு வசவை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. அப்புறம், விழுந்த மரத்திலிருந்தே இளநீர் வெட்டி அவருக்கே அபிஷேகம் செய்தார். நான் வாயடைத்து நின்றேன். மறு மாதமே கன்று வைத்தார். நெட்டை ரகம், காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அவருக்கு அப்போதே அறுபத்தெட்டு வயசு.

கரையோரன்:
ஜெபமாலை அக்கா, கோபமில்லை. ஆனால் யோசேப்பு குழியிலிருந்து ஏறி வந்தார் இல்லையா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

தென்னந்தோப்பு சொன்ன அபிஷேகம் எனக்குப் புரிகிறது. சித்தி வருஷம் தவறாமல் வேளாங்கண்ணிக்குப் போவாள். எப்படிப் போக மனசு வருகிறது என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "சண்டை போடணும்னாலும் அவகிட்டதானேடா போகணும்" என்றாள். கரைப் பக்கம் மட்டும் திரும்பியே பார்க்க மாட்டாள். போன தடவை பூசை முடிந்ததும் அவளாகவே கடலுக்கு நடந்தாள். கணுக்கால் நனையும் வரைக்கும்தான். செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.