வெள்ளத்தில் மீட்ட நாய், தேடி வந்த வீட்டுக்காரர்: திருப்பிக் கொடுத்தவர்களும் திரும்பக் கிடைக்காதவர்களும்

எட்டு மாதம் எங்கள் வீட்டில் வளர்ந்த நாயைப் போன மாதம் அதன் பழைய வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். வீட்டில் இன்னும் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இங்கேயாவது எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதே நிலையில் இருந்தவர்கள் உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

வெள்ளம் வடிந்த மூன்றாவது வாரம். காப்பகத்தில் கூண்டுக்கு மூன்று நாய் என்று அடைத்திருந்தார்கள். செம்பட்டை நிறத்தில் ஒன்று மட்டும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அதன் அட்டையில் "கைவிடப்பட்டது" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். குட்டன் என்று பெயர் வைத்தோம். மழை தூறினால் போதும், மாடிப்படியின் கடைசிப் படிக்கு ஏறிப்போய் நின்றுகொள்வான். கூப்பிட்டாலும் இறங்க மாட்டான். விடியும்வரை அவனோடு படியிலேயே உட்கார்ந்திருந்த இரவுகள் உண்டு.

எட்டாவது மாதம் காப்பகத்திலிருந்து போன் வந்தது. ஒரு பெரியவர் பழைய படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காப்பகமாக ஏறி இறங்குகிறார், பார்த்தால் உங்கள் நாய் மாதிரி இருக்கிறது என்றார்கள். விட்டுவிட்டுப் போனவர் இப்போது எதற்கு வருகிறார் என்ற கோபம்தான் முதலில் வந்தது. இரண்டு நாள் பதிலே சொல்லவில்லை. நம்பரை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நேரில் பார்த்தபோதுதான் விவரம் தெரிந்தது. படகு வந்த நேரத்தில் கழுத்தளவு தண்ணீர். ஆட்களை மட்டும்தான் ஏற்றுவோம் என்றிருக்கிறார்கள். இருந்த சாப்பாட்டையெல்லாம் மொட்டைமாடியில் வைத்து, "நாளைக்கே வந்துடறேன்" என்று நாயிடம் சொல்லிவிட்டு ஏறியிருக்கிறார். ஆறு நாள் கழித்துத்தான் அந்தத் தெருவுக்குள் விட்டார்கள். மாடியில் நாய் இல்லை. யாரோ மீட்டுக் கொண்டுபோயிருந்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

நாய் யாரிடம் ஓடுகிறதோ அவருடையது என்று பலர் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் போனேன். குட்டன் அவரை மோந்து பார்த்தான், கொஞ்ச நேரம் நின்றான், பிறகு என் காலடியில் வந்து படுத்துக்கொண்டான். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து பழைய மருத்துவச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். வலது பின்னங்காலின் உட்பக்கம் ஏழு தையல், தேதியோடு. அந்தத் தழும்பை வெள்ளத்தில் தகரம் கிழித்தது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். சீட்டில் இருந்த தேதியோ வெள்ளத்துக்கு இரண்டு வருடம் முந்தையது. அதற்கு மேல் நான் என்ன பேச?

*முகாமில் பதிவு மேசையில் இருந்தவள்:*

அண்ணா, நான் இருந்தது வேறொரு முகாம், வேறொரு வெள்ளம். ஆனால் அந்தச் சொல்லை நானும் எழுதியிருக்கிறேன். எங்களுக்குக் கொடுத்த படிவத்தில் தெருநாய், ஒப்படைக்கப்பட்டது, கைவிடப்பட்டது என்று மூன்றே கட்டங்கள். "வீட்டுக்காரர் தேடிக்கொண்டிருக்கக்கூடும்" என்று ஒரு கட்டம் கிடையாது. கழுத்துப்பட்டையோடு வந்த நாயைத் தெருநாய் என்று எப்படி எழுதுவது? மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தோம்.

அந்தக் கழுத்துப்பட்டைகளை என்ன செய்தோம் தெரியுமா? சேறும் சாக்கடையுமாக இருந்ததால் வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டோம். அவற்றை அலசி ஒரு கவரில் போட்டு நம்பர் எழுதியிருந்தால் எத்தனையோ பேர் அடையாளம் கண்டிருப்பார்கள். படம் எடுத்தோம், ஆனால் முகத்தை மட்டும். சேறு படிந்த முகம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். குளிப்பாட்டிய பிறகு இரண்டு பக்கமும், வயிறும், வாலும், தழும்பும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. நான்காம் நாள் இடமில்லாமல் ஒரு லாரி நிறைய வெளியூர்க் காப்பகங்களுக்கு அனுப்பினோம். அங்கே போனதும் புது நம்பர் போட்டார்கள். பழைய நம்பரையும் புது நம்பரையும் சேர்த்து எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை. மீட்ட இடம் எங்கள் நோட்டில், நாய் அவர்கள் கூண்டில்.

மைக்ரோசிப் இருந்தால் பிரச்சினையே இல்லை என்று சொல்கிறார்கள். தோலுக்கடியில் போடுகிற, அரிசிமணி அளவுள்ள அந்தச் சிப் நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. ஸ்கேனரை வைத்தால் ஒரு எண் வரும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் இருக்கிற போன் நம்பர் வீட்டோடு தண்ணீரில் போன போனுடையதாக இருந்தால் யாரைக் கூப்பிடுவது? எங்களிடம் சிப்போடு வந்த ஒரு பூனைக்கு அதுதான் நடந்தது.

*வழக்குகளைத் தேடிப் படித்த ஒருவர்:*

இந்தச் சண்டை பெரிய அளவில் வெடித்தது 2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் லூசியானாவைத் தாக்கிய கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு. நியூ ஆர்லியன்ஸில் ஆட்களை ஏற்றிய பேருந்துகளிலும் பல முகாம்களிலும் நாய் பூனைக்கு இடமில்லை. பிறகு மீட்கப்பட்டவை பல மாநிலங்களுக்குப் பிரிந்து போயின. தேடி வந்தவர்களிடம், நாய்க்கு இதயப்புழு இருந்தது, நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை, தர மாட்டோம் என்று சொன்னவர்கள் உண்டு. இதைப் படித்தபோது எனக்குக் கொதித்தது. இதயப்புழு கொசுவால் பரவுவது, அந்தக் கடலோரப் பகுதியில் சாதாரணமாகக் காணப்படுவது. மாதாமாதம் தடுப்பு மருந்து வாங்க முடியாதவருக்கு நாய்மீது பாசம் இல்லை என்று யார் தீர்மானிப்பது?

லூசியானாவின் சிவில் சட்டப்படி, தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவர் உரியவரைத் தேட உண்மையாக முயன்று, மூன்று வருடம் ஆகியும் ஆள் கிடைக்காவிட்டால்தான் அது அவருடையதாகும். சட்டத்தின் கண்ணில் நாயும் பொருள்தான், படிக்கும்போதே வலிக்கிறது. கத்ரீனாவில் தொலைந்த ஒரு காக்கர் ஸ்பானியல் நாய்க்காக 2008-இல் டெக்சாஸில் நடந்த வழக்கில் கீழ்நீதிமன்றத்தில் தோற்ற பழைய வீட்டுக்காரர், மேல்முறையீட்டில் டிஎன்ஏ சோதனையின் பலத்தில் நாயைத் திரும்பப் பெற்றார். வெர்மான்ட் மாநில உச்ச நீதிமன்றமோ 1997-இல் நேர்மாறாகச் சொன்னது. அந்த நாய் பேரிடரில் தொலைந்ததல்ல. கண்டெடுத்தவர் அறிவிப்பு ஒட்டி, வானொலியிலும் சொல்லவைத்து, ஓராண்டுக்கு மேல் வளர்த்திருந்தார், நாய் அவரிடமே இருக்கட்டும் என்றது. என் கருத்தில் இரண்டும் அந்தந்த வழக்குக்குச் சரி. வீட்டுச் சாவி கையில் இருந்தும் வீட்டுக்குப் போகவிடாமல் தடுக்கப்பட்டவரை, அப்படி எந்தத் தடையும் இல்லாதவரோடு ஒரே தராசில் வைக்கக் கூடாது.

2006-இல் அங்கே புதுச் சட்டம் வந்தது. கூட்டரசின் பேரிடர் உதவி வேண்டுமானால் மாநிலங்களின் வெளியேற்றத் திட்டத்தில் வீட்டுப் பிராணிகளும் இருந்தாக வேண்டும். படகிலேயே இடம் கொடுத்திருந்தால் இந்த வழக்குகளில் பாதி வந்திருக்காது.

*திரும்பக் கிடைக்காதவள்:*

நான் அதிகம் எழுதவில்லை. என் பூனை இருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்தேன். காதின் ஓரம் கிழிந்திருப்பது அதேதான். காப்பகத்தில், வளர்ப்பவர் விவரம் தர முடியாது, உங்கள் கடிதத்தைச் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். நான்கு கடிதம் கொடுத்தேன். திருப்பித் தரச் சொல்லிக் கேட்டது முதல் கடிதத்தில் மட்டும்தான். கடைசிக் கடிதத்தில், மழை பெய்யும்போது ஜன்னலைச் சாத்தாதீர்கள், அவளுக்கு மழை பார்க்கப் பிடிக்கும் என்று மட்டும் எழுதினேன்.

*முதலில் எழுதியவர்:*

அம்மா, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. அந்த இரண்டு நாள் நானும் பதில் சொல்லாமல் இருந்தவன்தான். அந்தப் பக்கம் காத்திருக்கிற ஆளுக்கு எப்படி இருக்கும் என்று அப்போது நினைக்கவே இல்லை. நீங்கள் அனுமதித்தால் அந்தக் காப்பகத்துக்கு நானும் ஒரு கடிதம் எழுதுகிறேன், வளர்ப்பவருக்கு, திருப்பிக் கொடுத்தவன் என்ற முறையில்.

தங்கச்சி, உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அடுத்த முறைக்கு அந்த நான்காவது கட்டத்தைப் போட்டு ஒரு படிவம் தயார் செய்து கொடுங்கள், அச்சடித்து வைத்துக்கொள்கிறேன்.

பெரியவர் போன வாரம் பேசினார். அங்கே மழை. குட்டன் (அவர் வீட்டில் வேறு பெயர், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை) மாடிப்படியின் கடைசிப் படியில்தான் நிற்கிறானாம், அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். அவனுக்குச் சிப் போட்டுவிட்டார். பதிவில் இரண்டாவது போன் நம்பர் கேட்டார்களாம், என்னுடையதைக் கொடுத்திருக்கிறார்.