ஈ60 எம்5 வாங்கலாமா? வி10 எஞ்ஜினும் அதன் செலவும்

கொவென்ட்ரி_கதிர்
வணக்கம். பர்மிங்காம் பக்கத்தில் ஒரு பிஎம்டபிள்யூ எம்5 பார்த்தேன். ஈ60 மாடல், 2007 பதிவு, 92,000 மைல் ஓடியது. 18,000 பவுன் கேட்கிறார்கள். சர்வீஸ் புத்தகம் நிறைய முத்திரை. த்ராட்டில் ஆக்சுவேட்டர் (எஞ்ஜினுக்குக் காற்று விடும் வால்வைத் திறக்கும் மோட்டார்) இரண்டையும் மாற்றிய பில் இருக்கிறது. ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க் என்ற சுழல்தண்டைப் பிடிக்கும் இடத்துத் தாங்கி) மாற்றியதற்குப் பில் எதுவும் இல்லை. கிளட்ச் எப்போது மாற்றினார்கள் என்று விற்பவருக்கே தெரியவில்லை. வேலைக்குப் போக வேறு கார் இருக்கிறது, இது வார இறுதிக்கு மட்டும். கார் விலை போக 6,000 பவுன் கையில் நிற்கும். வாங்கலாமா?

வால்வு_வாசு
வேண்டாம் தம்பி.

புதிதில் 60,000 பவுனுக்கு மேல் விற்ற கார் இது. இன்று 18,000-க்குக் கிடைக்கிறது என்றால் காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் கிளட்ச், பம்ப், சென்சார் எல்லாம் இன்னும் அந்த 60,000 பவுன் காரின் விலையில்தான் வருகின்றன.

பேரிங்கில் இருந்து தொடங்குகிறேன். இந்தக் காரின் எஸ்85 எஞ்ஜினில் பத்து கனெக்டிங் ராட், அதற்கு இருபது பேரிங் ஓடுகள். இவை தேய்வது ஊரறிந்த விஷயம். இதே குடும்பத்து வி8 போட்ட ஈ92 எம்3-இலும் இதே கதைதான். தேய்ந்த பேரிங் முன்கூட்டி எச்சரிக்காது. தட்டும் சத்தம் காதில் விழும்போது கிராங்க்கில் ஏற்கெனவே கீறல் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு எஞ்ஜின் வேலை ஐந்து இலக்கத் தொகை.

அடுத்தது வானோஸ். வால்வு நேரத்தை மாற்றும் இந்த அமைப்பு மிக உயர்ந்த எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிறது. அதற்கென்று தனி உயர் அழுத்தப் பம்ப், குழாய், சோலனாய்டு. எது போனாலும் கார் சக்தியைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து வீடு வரும்.

அப்புறம் எஸ்எம்ஜி கியர்பாக்ஸ், அதாவது கிளட்ச் மிதி இல்லாமல் கம்ப்யூட்டரே கியர் மாற்றும் மேனுவல் பெட்டி. ஏழு கியர், ஒரே கிளட்ச், எல்லாம் ஹைட்ராலிக். பம்ப் மோட்டார் போனால் கியரே விழாது, நின்ற இடத்தில் நிற்கும். புதுப் பம்ப் நான்கு இலக்கம். கிளட்ச்சோடு ஃப்ளைவீலும் சேர்ந்தால் 2,000 பவுனுக்குக் கீழே முடிந்ததை நான் பார்த்ததில்லை.

சாலை வரியையும் பாருங்கள். கார்பன் டையாக்சைடு அளவு கிலோமீட்டருக்கு 357 கிராம். 2007 பதிவு என்பதால் மிக உயர்ந்த பட்டை, வருடம் 700 பவுனுக்கு மேல். கார் தெருவில் சும்மா நின்றாலும் கட்ட வேண்டும்.

மிட்சம்_சிவா
வாசு அண்ணை சொன்ன பழுதுகள் எல்லாம் உண்மை. அவர் வந்து சேர்ந்த முடிவுதான் பிழை.

நான் இந்தக் காரைப் பல வருடமாக வைத்திருக்கிறேன். ராட் பேரிங் மாற்ற எஞ்ஜினை வெளியே எடுக்கத் தேவையில்லை. முன்பக்க சப்ஃப்ரேமை இறக்கி, ஆயில் சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தே செய்யலாம். இந்த எஞ்ஜினைத் தெரிந்த தனிக் கராஜ்கள் 2,000 பவுனை ஒட்டித்தான் கேட்கிறார்கள். ராட் போல்ட்டுகள் மட்டும் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும், பழையதைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை செய்துவிட்டு நேரத்துக்கு ஆயில் மாற்றி வந்தால் பெரிய பயம் போய்விடும்.

வரி விஷயத்தில் தம்பிக்கு ஒரு தகவல். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார் என்றால் அதே 357 கிராமுக்கு வரி சில நூறு பவுன் கீழே நிற்கும். 2005 கடைசி, 2006 தொடக்கப் பதிவாகத் தேடுங்கள். எஞ்ஜின் ஒன்றுதான், கியர்பாக்ஸ் ஒன்றுதான். லண்டன் யூலெஸ் (மாசு கூடிய வாகனத்துக்குக் கட்டணம் வாங்கும் வலயம்) பற்றிக் கவலை வேண்டாம். யூரோ 4 பெட்ரோல், நாள் கட்டணம் கிடையாது.

இனி ஏன் இதை வாங்க வேண்டும் என்றும் ஒருவர் சொல்ல வேண்டும். ஐந்து லிட்டர், பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை போகும் எஞ்ஜின். டர்போ இல்லை. நாலு கதவு, பெரியவர்கள் உட்காரக்கூடிய பின்சீட்டு. இதற்குப் பிறகு வந்த எம்5-இல் டர்போ வி8 வந்துவிட்டது. அது இதைவிட வேகமான கார்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆறாயிரம் சுற்றுக்கு மேல் இந்த எஞ்ஜின் எழுப்பும் சத்தத்தை வேறு எந்த நாலு கதவுக் காரிலும் நான் கேட்டதில்லை.

வால்வு_வாசு
சத்தத்துக்கு பில் கட்ட முடியாது சிவா. எத்தனை பேர் உங்களைப் போல நேரத்துக்கு ஆயில் மாற்றுகிறார்கள்? இந்தக் கார்களில் பல இன்று மூன்றாவது, நான்காவது கை. நடுவில் வைத்திருந்தவர் டயருக்கே காசு தேடியவராக இருந்தால் பேரிங்கை யார் பார்த்திருப்பார்கள்?

மியூனிக்_மலர்
பேரிங் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். "எஞ்ஜின் சூடாகும் முன் முறுக்கியவர்கள்தான் கெடுத்தார்கள், ஒழுங்காக ஓட்டினால் ஒன்றும் ஆகாது" என்று இந்தக் காரைக் காதலிப்பவர்கள் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் விடப்பட்ட இடைவெளி குறுகலானது, ஊற்றுவதோ 10டபிள்யூ-60 என்ற கனமான ஆயில். குளிரில் அந்த ஆயில் அந்த இடைவெளிக்குள் போய்ச் சேர நேரம் எடுக்கிறது. பொறுமையாகச் சூடாக்குபவரின் காரிலும் தேய்மானம் இருக்கும், மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். ஆகவே கதிர், "முந்தைய உரிமையாளர் நிதானமானவர்" என்று விற்பவர் சொன்னால் அதைப் பேரிங் பில்லுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சூடாக்குவது தேவையில்லை என்று சொல்லவில்லை. இந்தக் காரின் டாக்கோமீட்டரே (எஞ்ஜின் சுற்று காட்டும் மானி) அதைக் காட்டும். குளிரில் எச்சரிக்கைப் பகுதி கீழே இருந்தே ஒளிரும், ஆயில் சூடாகச் சூடாக மேலே நகரும். டெஸ்ட் டிரைவில் விற்பவர் அதை மதிக்கிறாரா என்று பாருங்கள்.

ஆயிலைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி, பேரிங் தேய்ந்தால் அதில் கலக்கும் ஈயம், செம்பு அளவு பார்க்கலாம். ஆனால் ஒரே ஒரு சோதனையை நம்ப வேண்டாம். போன வாரம்தான் ஆயில் மாற்றினார்கள் என்றால் அறிக்கை சுத்தமாக வரும்.

டொராண்டோ_தணிகை
இங்கே வட அமெரிக்காவில் ஆறு கியர் மேனுவல் எம்5 கிடைக்கும். எஸ்எம்ஜி தலைவலி ஒன்று குறைகிறது. ஆனால் ஸ்டீயரிங் இடப்பக்கம், விலையும் எஸ்எம்ஜி காரைவிடக் கூடுதல். பேரிங் கதையில் மாற்றம் இல்லை.

வால்வு_வாசு
கதிருக்கு வேகமான நாலு கதவுக் கார்தானே வேண்டும்? லெக்சஸ் ஐஎஸ் எஃப் பாருங்கள். ஐந்து லிட்டர் வி8, டர்போ இல்லை, 423 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். வாட்டர் பம்ப் கசியும், எஞ்ஜின் பள்ளத்தில் இருக்கும் தகட்டில் கூலன்ட் கசியும். இரண்டும் தெரிந்த வேலை, எஞ்ஜினைக் கொல்லாத வேலை. வைத்திருப்பவர் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

மிட்சம்_சிவா
நல்ல கார், மறுக்கவில்லை. ஆனால் வரி அதற்கும் அதே உச்சப் பட்டைதான் அண்ணை. பின்சீட்டு எம்5 அளவுக்கு இல்லை. இங்கே விற்பனைக்கு வருவதும் குறைவு. தம்பி குடும்பத்தோடு போக வேண்டும் என்றால் அதையும் யோசிக்க வேண்டும்.

கொவென்ட்ரி_கதிர்
எல்லாருக்கும் நன்றி. ஐஎஸ் எஃப் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், மனம் ஒட்டவில்லை. 6,000 பவுனை எதில் போடுவது என்று வரிசை சொல்ல முடியுமா?

வால்வு_வாசு
எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. கேட்டதால் சொல்கிறேன்.

முதலில் பேரிங், 2,000. இதைக் கார் விலையிலேயே கழிக்கச் சொல்லுங்கள். பில் இல்லாத எம்5-க்கும் பில் இருக்கிற எம்5-க்கும் ஒரே விலை கேட்பது நியாயமே இல்லை. மறுத்தால் நடந்து வந்துவிடுங்கள். இரண்டாவது கிளட்ச். கம்ப்யூட்டரை இணைத்தால் தேய்மான அளவைப் படிக்கலாம், வாங்கும் முன்பே படியுங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால் இன்னும் ஒரு 2,000-க்கு மேல் ஒதுக்குங்கள். டயர் பின்னால் 285/35, 19 அங்குலம். நாலும் நல்ல கம்பெனி என்றால் 800-ஐ ஒட்டி வரும். விற்பவர் விலை குறைக்காவிட்டால் இத்தோடு உங்கள் ஆறாயிரத்தில் பெரும்பகுதி முடிந்தது. வானோஸையும் எஸ்எம்ஜி பம்ப்பையும் நான் இன்னும் தொடவே இல்லை. பெட்ரோல், வரி, இன்சூரன்ஸ் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். கம்பெனி சொன்ன கணக்கே கேலனுக்கு 19 மைல்தான், ஊருக்குள் அதுவும் வராது.

மியூனிக்_மலர்
வாசு அண்ணாவின் கணக்கு சரி. ஆறாயிரம் முதல் வருடத்துக்கே போதலாம், போதாமலும் போகலாம். பின்னால் ஒவ்வொரு வருடமும் தனியாக ஒரு தொகை வேண்டும். அது முடியாதென்றால் சிவா அண்ணா எவ்வளவு ஆசை காட்டினாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. முத்திரைகளை எண்ண வேண்டாம். 1,200 மைலில் செய்ய வேண்டிய முதல் சர்வீஸ் நடந்ததா, என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள். புத்தகத்தில் சீல் குத்துவது யாராலும் முடியும்.

மிட்சம்_சிவா
ஆசை காட்டவில்லை தங்கச்சி. பேரிங் பில் இல்லாத காரை இந்த விலைக்கு நானும் வாங்க மாட்டேன். பேரிங், கிளட்ச் இரண்டும் செய்து பில்லோடு 22,000 கேட்கிற கார் வந்தால் தம்பி யோசிக்காமல் அதற்குப் போகட்டும். கூட்டிப் பார்த்தால் அதுதான் மலிவு.

கொவென்ட்ரி_கதிர்
விற்பவரிடம் பேசினேன். 2,000 குறைக்க மறுத்துவிட்டார். 800 குறைக்கிறேன் என்றார். கிளட்ச் அளவு படிக்க மட்டும் சம்மதித்தார்.

வால்வு_வாசு
800-க்கு பேரிங் வராது. விடுங்கள். 2006 மார்ச்சுக்கு முந்திய கார் பில்லோடு வந்தால் சொல்லுங்கள், கொவென்ட்ரி வரைக்கும் நானே வந்து பார்த்துத் தருகிறேன்.

மிட்சம்_சிவா
லீட்ஸில் ஒன்று நிற்கிறது. 2005 டிசம்பர் பதிவு, பேரிங் செய்த பில் இருக்கிறதாம். ஆக்சுவேட்டர் பழையதுதான், அதற்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும். விவரத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். வாசு அண்ணையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.