எம்.பார்ம் விண்ணப்பக் கட்டணம் கழிந்துவிட்டது, இணையப் பக்கத்தில் "நிலுவை" என்று வருகிறது. உதவி!

கெடிலக்கரை (செவ்வாய், இரவு 9.40)
எல்லோருக்கும் வணக்கம். அவசரம். எம்.பார்ம் (மருந்தியல் முதுநிலைப் படிப்பு) விண்ணப்பத்துக்கு 3,000 ரூபாய் கட்டினேன். கணக்கில் கழிந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் "கட்டணம் நிலுவை" என்றே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை 5 மணி கடைசி. மறுபடியும் கட்டிவிடட்டுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பாகூரான்
எந்தப் பல்கலை? யுபிஐயா, கார்டா, நெட் பேங்கிங்கா? எப்போது கட்டினீர்கள்?

பலாத்தோப்பு
இதுக்குத்தான் ஆன்லைனே வேண்டாம் என்பேன். என் மகளுக்கு எல்லாமே டிடிதான் (வங்கி வரைவோலை) எடுத்தேன். பண்ருட்டியில் வங்கிக்குப் போனால் அரை மணி நேர வேலை, கையில் காகிதம் இருக்கும். நாளைக் காலையே ஒரு டிடி எடுத்துக் கூரியரில் அனுப்பிவிடுங்கள்.

கல்வம்
தம்பி, பாதி அழிந்த மருந்துச் சீட்டை நீட்டினால் மருந்து எடுத்துக் கொடுப்பாயா? கேள்வியும் அப்படித்தான். பல்கலை, கட்டிய வழி, நேரம், பரிவர்த்தனை எண் எதுவுமே இல்லை. தகவல் கையேட்டில் கட்டணத்துக்கென்று ஒரு பக்கம் இருக்கும். அதைப் படித்தாயா? இந்த இழைகளில் ஒவ்வொரு ஆண்டும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கெடிலக்கரை
மன்னிக்கவும் சார், பதற்றத்தில் எழுதிவிட்டேன். யுபிஐ, அப்பா போனில் இருந்து. நேற்று இரவு பதினொரு மணி இருக்கும். பல்கலையின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று பார்க்கிறேன், விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்கிறது. உதவி எண்ணுக்கு ஆறு முறை அடித்தேன், எடுக்கவில்லை.

ஓய்வு_காசாளர்
தம்பி, மறுபடி கட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். அப்பா போனில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள். மூன்றில் ஒன்றுதான் இருக்கும்: வெற்றி, நிலுவை, தோல்வி. கூடவே 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"தோல்வி" என்றாலும், "நிலுவை"யாக இருந்து பிறகு தோல்வியானாலும் பணம் தானாகவே திரும்பும். கணக்கில் கழிந்து, வாங்குபவருக்கு உறுதி போய்ச் சேராத யுபிஐ கட்டணத்தை, கட்டிய நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடும் உண்டு. ஆனால் "வெற்றி" என்று இருந்தால் பணம் எதிர்த் தரப்புக்குப் போய்விட்டது என்று பொருள். அப்போது உங்கள் வங்கியில் போய் நிற்பதில் பயன் இல்லை, பல்கலையின் தரப்பில்தான் தேட வேண்டும்.

பலாத்தோப்பு ஐயா, டிடி நல்ல வழிதான், நானே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். 3 மாதம் செல்லும். 2018 செப்டம்பரில் இருந்து, எடுத்தவர் பெயரும் முகப்பிலேயே அச்சாகிறது. ஆனால் விண்ணப்பத்தில் டிடி எண் போட ஒரு கட்டம் இருந்தால்தானே அனுப்ப முடியும்?

கெடிலக்கரை
"வெற்றி" என்றுதான் இருக்கிறது சார். 12 இலக்க எண்ணும் இருக்கிறது.

பலாத்தோப்பு
சரி, டிடியை விடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறதா? அதைக் காட்டினால் கட்டணமே குறையுமே.

லாஸ்பேட்டை_அக்கா
ஐயா, அந்தச் சலுகை இளநிலைத் தொழிற்படிப்புக்கு. தம்பி பி.பார்ம் முடித்தாயிற்று, இப்போது அவன் வீட்டில் ஒரு பட்டதாரி இருக்கிறானே.

முள்ளோடைக்காரி
கடலூர்தானே நீங்கள்? புதுச்சேரியில் சென்டாக் (அரசின் மாணவர் சேர்க்கைக் குழு) வழியாகவும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கலாமே. கோரிமேட்டுக் கல்லூரிக்கு வீட்டில் இருந்தே போய் வரலாம்.

பாகூரான்
அப்படிப் போட்டுவிட முடியாது. புதுச்சேரி ஒதுக்கீட்டுக்கு 5 ஆண்டு தொடர்ந்து இங்கே குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை.

முள்ளோடைக்காரி
என் அத்தை வீடு தமிழ்நாட்டு ரெட்டிச்சாவடி, எங்கள் வீடு புதுச்சேரி முள்ளோடை. ஒரே பேருந்து, ஒரே சந்தை. அவர் பிள்ளைக்கு ஒரு சட்டம், என் பிள்ளைக்கு ஒன்று. இது நியாயமா?

பாகூரான்
நியாயம் வேறு, விதி வேறு. தமிழ்நாட்டில் இருக்கும் இடங்கள் எத்தனை, எங்களுக்கு இருப்பவை எத்தனை? சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே எம்.பார்ம் இருக்கிறது. கடலூர்ப் பிள்ளைக்குத் தன் மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலை இருக்கிறது. அதையும் 2013இல் அரசு எடுத்துக்கொண்டது.

முள்ளோடைக்காரி
அரசு எடுத்தால் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடுமா? வீட்டில் இருந்தே போய்ப் படிக்கலாமே என்றுதான் சொன்னேன். விடுதிச் செலவு இல்லாமல் இருந்தால் எத்தனை பெண் பிள்ளைகள் மேலே படிக்கும்!

கல்வம்
இரண்டு பேரும் தனி இழை திறந்து பேசுங்கள். தம்பி, எம்.பார்முக்கான ஜிபேட் தேர்வு எழுதினாயா? தேறிச் சேர்ந்தவர்களுக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை என்று 24 மாதம் கொடுத்துவந்தது. 3,000 ரூபாய்க்கு இவ்வளவு தவிக்கிறவன் அதை யோசித்திருக்க வேண்டும்.

லாஸ்பேட்டை_அக்கா
கல்வம் சார், பிள்ளை ஏற்கனவே பயந்து போயிருக்கிறான். இப்போது வெள்ளிக்கிழமையைப் பார்ப்போம்.

தம்பி, நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். இந்த விண்ணப்பத்தை முதலில் திறந்தது யார்? நீயா, பிரவுசிங் சென்டரா? பதிவில் கொடுத்த போன் எண் யாருடையது? பணம் கட்டிய பக்கத்துக்கு எப்படிப் போனாய், உன் கணக்கில் நுழைந்தா, இல்லை யாராவது அனுப்பிய லிங்க்கைத் தொட்டா? என் தங்கைக்கு இப்படித்தான் ஆனது. சென்டரில் ஒரு பதிவு, வீட்டில் ஒரு பதிவு. பணம் ஒன்றில் ஏறியது, நாங்கள் மற்றதைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் அழுதோம். அவளுடைய ரசீது சென்டர்காரரின் மின்னஞ்சலில் பத்திரமாக இருந்தது.

கெடிலக்கரை
அக்கா, மஞ்சக்குப்பத்தில் ஒரு சென்டரில்தான் போன மாதம் பதிவு செய்தேன். அப்போது மதிப்பெண் பட்டியல் கையில் இல்லை, பாதியில் விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் என் போனில் புதிதாகத் தொடங்கினேன். பணம் கட்டிய லிங்க் அந்தச் சென்டர் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. இது முக்கியம் என்று தோன்றவில்லை.

லாஸ்பேட்டை_அக்கா
அதுதான்! அந்த லிங்க் பழைய பதிவினுடையதாக இருக்கும், பணம் அதில் ஏறியிருக்கும். காலையில் கடை திறந்ததும் போய் நில். பழைய பதிவு எண்ணை வாங்கி, அதில் நுழைந்து பார்.

ஓய்வு_காசாளர்
அக்கா சொல்வது சரியாகப் பொருந்துகிறது. போகும்போது அந்த 12 இலக்க எண்ணையும் எடுத்துப் போங்கள். ரசீதில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள்.

இடம் கிடைத்த பிறகு கல்விக் கடன் தேவைப்பட்டால் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். வங்கிகளின் பொதுத் திட்டத்தில் 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை வீட்டுப் பத்திரம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரத் தாளும் வாங்கிய கையோடு போங்கள், வெறும் வாய்ப்பேச்சாகப் போய்க் கேட்டால் அலைய விடுவார்கள்.

கல்வம்
இன்னொன்று. மாநில பார்மசி கவுன்சிலில் மருந்தாளுநராகப் பதிவு செய்துவிட்டாயா? எம்.பார்மில் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் அந்தப் பதிவு இல்லையென்றால் சேர்க்கை ரத்தாகும், விதியிலேயே இருக்கிறது. நல்ல மதிப்பெண் வைத்திருந்த பையன் ஒருவன் இதைத் தள்ளிப்போட்டு, கடைசி வாரத்தில் ஓடிய ஓட்டத்தை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் கடுமையாகப் பேசுகிறேன்.

கெடிலக்கரை (வியாழன், காலை 11.15)
கிடைத்துவிட்டது! பணம் பழைய பதிவு எண்ணில்தான் ஏறியிருந்தது. எண் ஒத்துப்போகிறது. அதிலேயே மதிப்பெண் பட்டியலை ஏற்றி முடித்துவிட்டேன், ஒப்புகைச் சீட்டும் வந்தது. நன்றி அக்கா, நன்றி சார். டூட்டிக்கு நேரமாகிறது.

லாஸ்பேட்டை_அக்கா
மகிழ்ச்சி தம்பி. ஒப்புகையை இரண்டு படி எடுத்து வை. கல்வம் சார் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டாயே, கவுன்சில் பதிவு ஆயிற்றா?